வெளிநாட்டில் ஒன்பது பேர்

"ஒன்பது பேர் வெளிநாடு," என்றார் தியாகராஜா, கணினித் திரையைப் பார்த்துக்கொண்டே. "இதைத்தான் முதல் பக்கத்தில போடவேணும். குழு வாற நேரம் வேற என்னத்தைக் காட்டுறது?"

"எட்டுப் பேர்ட வேலை தெரியும் சேர். ஒராள் மட்டும் எழுதல்ல," என்றாள் மஸாஹிரா.

"நம்பர் கிடக்கோ?"

"ஈக்கி. குவைத் நம்பர்."

"அப்ப எடுத்துக் கேளுங்கோவன். ஏதும் எண்ணெய்க் கொம்பனியில பெரிய ஆளா இருக்கும். எங்களுக்கு ஒரு சாப்பாடு தரச் சொல்லுங்கோ."

தியாகராஜா பல்கலைக்கழகத்தின் புவியியல் துறைத் தலைவர். மஸாஹிரா அங்கே இருபத்திரண்டு வருஷமாக விரிவுரையாளர். படித்து வெளியேறிய பிள்ளைகள் இப்போது என்ன செய்கிறார்கள், துறையால் அவர்களுக்குப் பயன் உண்டா என்று கேட்டு அனுப்பிய படிவத்துக்கு நூற்றுப் பன்னிரண்டு பேர் பதில் எழுதியிருந்தார்கள். பெயர் கேட்கவில்லை, விரும்பியவர்கள் தொலைபேசி எண் தரலாம். அதையெல்லாம் அட்டவணையாக்கி, துறையை மதிப்பிட வரும் குழுவின் கையில் கொடுக்கும் வேலை மஸாஹிராவின் தலையில் விழுந்திருந்தது.

தன் அறைக்குப் போய் எண்ணை அழுத்தினாள்.

"புவியியல் துறையில இருந்து பேசுறேன். நீங்க நிரப்பின போம்ல ரெண்டு இடம் வெறுமையா ஈக்கி, அதான்..."

"மஸாஹிரா மிஸ்ஸா? நான் டிலானிங்க மிஸ்."

மஸாஹிராவுக்கு உடனே நினைவு வந்தது. கம்பளைக்கு மேலே தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த பிள்ளை. தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குப் பின்னாலிருந்த ஊற்றுக்கண்களையெல்லாம் நடந்து நடந்து வரைபடமாக்கியவள். இரண்டாம் வருஷத்தில் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியர் நியமனம் கிடைத்து, கடிதத்தோடு வந்து இந்த மேசைக்கு முன்னால்தான் நின்றாள். "போகாத மகள். சிறப்புப் பட்டம் முடிச்சா நீ இங்கயே படிப்பிக்கலாம்" என்று மறித்தது மஸாஹிராதான். முதல் வகுப்பு மயிரிழையில் தவறியது. துறையில் படிப்பிக்கும் இடமும் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு பிள்ளை எங்கே போனாள் என்று மஸாஹிரா விசாரிக்கவும் இல்லை.

"எப்படி மகள் ஈக்கிறாய்? அங்க என்ன வேல?"

டிலானி குரலைத் தாழ்த்தினாள்.

"வீட்டு வேலதான் மிஸ். ரெண்டு புள்ளைங்க, ஒரு கெழவி. கெழவிய மட்டும் தூக்கி உக்கார வைக்கணும். சமையலுக்கு வேற ஆளு இருக்கு, பரவால்ல."

"அரசாங்கத்துப் பட்டதாரி நியமனம்?"

"அஞ்சு வருஷம் பாத்தேன் மிஸ். பேரு வரவே இல்ல. அப்பாவுக்கும் ஏலாமப் போச்சு, அதுக்கு மேல உக்காந்திருக்க முடியல. அந்த ஸ்கூலுக்கு என் எடத்துல பக்கத்து லயத்துப் பாலம்மா போனா. இப்ப என் தங்கச்சி மகளுக்கு அவதான் டீச்சர்." சிரித்தாள். "ரொம்ப அடிக்கிறாளாம்."

"டிலானி, நான் அன்னைக்கி..."

"அதெல்லாம் விடுங்க மிஸ். வேலப் பேர மட்டும் போட்டுறாதீங்க. நான் ஆபீஸ்ல இருக்கேன்னுதான் அப்பா லயத்துல சொல்லி வச்சிருக்காரு. வெளிநாடுன்னு மட்டும் இருக்கட்டும்."

"இருக்கட்டும் மகள்."

"இன்னொரு எடம் விட்டிருக்குன்னீங்களே?"

இருபத்து மூன்றாம் கேள்வி. மஸாஹிராவே எழுதியது. அவள் வாசித்தாள். "மறுபடியும் வாய்ப்புக் கிடைத்தால் இதே துறையைத் தெரிவுசெய்வீர்களா? ஆம், இல்லை."

"அது என்னான்னு போடத் தெரியாமத்தான் விட்டேன். நீங்க சொல்லுங்க மிஸ், அதையே போட்டுறேன்."

அதில் ஒரு குத்தல் இருந்திருந்தால் மஸாஹிரா தாங்கியிருப்பாள். குத்தல் இல்லை. அன்றைக்குக் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு "சரிங்க மிஸ்" என்ற அதே குரல்.

"நீ சொல்லு மகள். உன்ட மனசுல உள்ளத."

அங்கே யாரோ கூப்பிட்டார்கள். டிலானி அரபியில் ஏதோ பதில் சொன்னாள். "கெழவி எந்திரிச்சிருச்சு மிஸ். நீங்களே நல்லதா பாத்துப் போட்டுருங்க. வச்சிடுறேன்."

மஸாஹிரா திரும்பி வந்தபோது தியாகராஜா அதே கதிரையில் இருந்தார்.

"என்ன வேலையாம்?"

"சொல்ல விருப்பமில்லையாம் சேர்."

"அப்ப வெளிநாடு எண்டே கிடக்கட்டும். ஒன்பது."

"சேர், குறைபாடுகள்னு ஒரு பகுதி ஈக்கிதானே. அதுல ஒண்டு எழுதணும். வந்த நியமனத்துக்குப் போக விடாம ஒரு பிள்ளைய மறிச்ச ஆலோசனை இந்தத் துறையில குடுத்தீக்கி."

தியாகராஜா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "ஆர் குடுத்தது?"

"நான்."

அதைத் துடைத்து மறுபடி மாட்டினார். பிறகு, "தனியாளைப் பற்றி அறிக்கையில எழுத ஏலாது, மஸாஹிரா. எண்ணிக்கை சொல்லுறதைத்தான் நாங்கள் சொல்லலாம்," என்றார். அந்தக் குவைத் எண் இருந்த வரிசையைத் தேடிப் பிடித்து, விரலால் திரையில் கோடு இழுத்துக்கொண்டே போனார். விரல் ஓரிடத்தில் நின்றது. "மாணவர் ஆலோசனை. இஞ்சை பாருங்கோ, அஞ்சுக்கு அஞ்சு போட்டிருக்கிறா. அவவுக்கே மனவருத்தம் இல்லை. நீங்கள் ஏன்..."

மஸாஹிரா அந்த ஐந்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இருபத்து மூண்டு வெறுமையாக் கிடக்கு," என்றார் அவர், பேச்சை மாற்ற. "கேட்டனீங்கள்தானே? ஆமோ, இல்லையோ? நான் போட்டுவிடுறன்."

"அத தொடாதீங்க சேர்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அந்தப் பிள்ளைக்குப் பதிலா நான் ஒரு தரம் முடிவு சொல்லிட்டேன்."

தியாகராஜா கையை எடுத்துக்கொண்டார். பிறகு எழுந்து போய், வராந்தாவில் நடமாடும் பிள்ளைகள் அவள் அழுவதைப் பார்க்காதபடி கதவைச் சாத்தினார்.