நான் நின்றது உங்களுக்காக அல்ல

"அக்கா, பேப்பர்ல வந்துட்டீங்க! இனிமே பஞ்சர் ஒட்டுவீங்களா, இல்ல ஆட்டோகிராஃப்தானா?"

பால் வேன்காரர் செய்தித்தாளை நீட்டியபோது, அவள் அவருடைய வேனின் பின்சக்கரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ரிம்முக்கும் டயருக்கும் நடுவில் கம்பியைச் செருகி, உடம்பின் முழு பாரத்தையும் அதன்மேல் சாய்த்திருந்த நேரம். கை இரண்டும் கன்னங்கரேல்.

"நீங்களே படிங்க. என்ன எழவு போட்டிருக்கான்?"

அந்த வட்டாரத்தில் அவளை டயர்க்கடை அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவளைவிட வயதில் மூத்த வேன்காரரும் அப்படித்தான்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார். "ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் சேர்ந்து வாழ்வதைப் பதிவு செய்யும் புதிய சட்டத்துக்குக் கடும் எதிர்ப்பு. வழிபாட்டு மன்றத்தில் நானூறு பேர் ஒருமனதாக எழுந்து நின்று..."

கம்பி நழுவித் தரையில் விழுந்தது. அவள் பேப்பரைப் பிடுங்கினாள். படத்தில் முன்வரிசை, நடு நாற்காலிக்கு முன்னால் அவளேதான். கண்ணை மூடி, கைகளைக் கோத்துக்கொண்டு நிற்கிறாள்.

விடுமுறை நாள் வழிபாட்டின் கடைசியில் எடுத்த படம் அது. "குடும்பங்களுக்காகப் பிரார்த்திப்போம், எல்லாரும் எழுந்து நில்லுங்கள்" என்றார் மன்றத் தலைவர். எழுந்தார்கள். பிரார்த்தனை என்றால் எழுவதுதானே வழக்கம்? சட்டம் என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை. கண்ணை மூடியதும் அவளுக்குத் தம்பி முகம்தான் வந்தது. ஒரு டிரைவிங் மாஸ்டரோடு பல வருடமாக ஒரே வீட்டில் வாழ்கிறான் தம்பி. விஷயம் தெரிந்த வீட்டுக்காரர் இருவரையும் காலி செய்யச் சொல்லிவிட்டார். 'அந்த ரெண்டு பசங்களுக்கும் தலைக்கு மேல ஒரு கூரை குடு கடவுளே' என்று அவள் மனமுருகிக் கேட்டுக்கொண்டிருந்த அந்த நொடியில்தான் கேமரா மின்னியிருக்கிறது.

"பாவிப் பசங்களா" என்றாள். பல்லுக்கு நடுவிலிருந்து வந்தது.

"படத்துல நல்லாத்தானே அக்கா விழுந்திருக்கீங்க?" என்றார் வேன்காரர்.

"உங்க டயர் நாளைக்குத்தான். போங்க."

"ஐயையோ, பால் திரிஞ்சிடும் அக்கா!"

"இங்க எனக்கே திரிஞ்சு போச்சு!"

கம்ப்ரசர் பக்கத்தில் நின்றிருந்த கணவர் ஓசைப்படாமல் வந்து சக்கரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மனைவியின் கோபம் எத்தனை பவுண்டு அழுத்தத்தில் இருக்கிறது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லக்கூடியவர் அவர்.

தம்பிக்குப் போன் அடித்தாள். எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். துண்டித்தான். கையைக்கூடக் கழுவாமல் ஸ்கூட்டரை எடுத்தாள்.

* * *

கதவைத் திறந்தது மாஸ்டர். உள்ளே பாதி சாமான் அட்டைப்பெட்டிகளில் இருந்தது. தம்பி ஆஸ்பத்திரி நர்ஸ் உடுப்பில், பகல் டியூட்டிக்குக் கிளம்பும் அவசரத்தில் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தான்.

"உட்காருங்க அக்கா. அந்தப் பெட்டி மேல வேணாம், அது கண்ணாடிச் சாமான்" என்றார் மாஸ்டர்.

"அக்கா எதுக்கு உட்காரணும்? நிக்கிறதுதான் அவளுக்கு நல்லா வருதே" என்றான் தம்பி.

"டேய், நான் பிரார்த்தனைக்கு நின்னேன்டா. சத்தியமா வேற ஒண்ணும் தெரியாது."

"கண்ணை மூடிட்டு நின்னா எப்படித் தெரியும்?"

"உனக்காகத்தான்டா வேண்டிக்கிட்டேன்! உங்க ரெண்டு பேருக்கு வீடு கிடைக்கணும்னு!"

தம்பி நிமிர்ந்தான். கண் சிவந்திருந்தது. "அது உனக்குத் தெரியும், கடவுளுக்குத் தெரியும். என் வார்டுல யாருக்குத் தெரியும்? காலையில இருந்து பேப்பரைத் தூக்கிட்டு மெசேஜ் மேல மெசேஜ். 'உன் அக்காவே எதிர்ப்பாமே'ன்னு. இதுல ஒருத்தன் சிரிக்கிற பொம்மை வேற அனுப்பியிருக்கான்."

"விடுப்பா, அக்கா என்ன வேணும்னா செஞ்சாங்க?" என்றார் மாஸ்டர்.

"நீ பிரேக் போடாதே! இது உன் வண்டி இல்ல!" என்று அவர்மேல் பாய்ந்தான் தம்பி. பிறகு அக்காவிடம் திரும்பினான். குரல் இறங்கியிருந்தது. அதுதான் அவளை அதிகம் சுட்டது.

"போன வருஷம் இவனுக்குக் குடல்வால் வெடிச்சப்ப, நான் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியிலயே எனக்குக் கையெழுத்துப் போட உரிமை இல்லைன்னு சொன்னாங்க. நீ வந்து, இவன் கூடப் பிறந்த அக்கான்னு பொய் சொல்லிப் போட்டே. மறக்கல. ஆனா நீ எங்களுக்குச் செஞ்ச நல்லது எல்லாமே கதவைச் சாத்திட்டுச் செஞ்சது. அந்தப் படத்தை ஊரே பார்த்திருக்கு. என்கிட்ட வந்து சொன்னா ஆச்சா? ஊருக்குச் சொல்லு. சொல்ற வரைக்கும் நான் உன் வீட்டு வாசப்படி மிதிக்கமாட்டேன்."

பையை எடுத்துக்கொண்டு போயே விட்டான்.

மாஸ்டர் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "நாளைக்கு நகராட்சிக் கூடத்துல அந்தச் சட்டத்துக்கு மக்கள்கிட்ட கருத்து கேட்கிறாங்க அக்கா. உங்க தலைவர் அந்தப் படத்தைத்தான் காட்டப்போறாராம்" என்றார்.

* * *

தலைவர் தன் அறையில் மின்விசிறிக்குக் கீழே அமர்ந்து, அன்றைய பேப்பரை வெட்டிக் கோப்பில் ஒட்டிக்கொண்டிருந்தார். மென்மையான குரல்காரர். யாரையும் 'அம்மா', 'ஐயா' என்று கூப்பிடாமல் பேசமாட்டார்.

"ஐயா, அந்தப் படத்துல இருந்து என்னை எடுத்துடுங்க."

"படத்துல இருந்து எப்படிம்மா எடுக்கிறது? கத்தரிச்சா நடுவுல ஓட்டை விழுமே" என்று சிரித்தார்.

"சிரிக்காதீங்க. நாங்க கடவுளுக்கு முன்னால நின்னோம். அதை எதிர்ப்புன்னு எழுத உங்களுக்கு யார் அதிகாரம் குடுத்தது?"

"குடும்பங்களுக்காகன்னு சொல்லித்தானேம்மா எழுப்பினேன்? குடும்பத்தைக் காப்பாத்தணும்னா இந்தச் சட்டம் வரக்கூடாது. இது என் நம்பிக்கை. இதுக்காக நான் உயிரையும் குடுப்பேன்."

"உங்க உயிரைக் குடுங்க. என் பிரார்த்தனையை ஏன் எடுத்துக் குடுத்தீங்க?"

அவர் பசை டப்பாவை மூடினார். "அம்மா, உங்க தம்பி விஷயம் எனக்கு ரொம்ப நாளாத் தெரியும். ஒருத்தர்கிட்டயும் மூச்சு விட்டதில்ல. உங்க நல்லதுக்குத்தான் அன்னிக்கு முன்வரிசைக்குக் கூப்பிட்டேன். கூடப் பிறந்த அக்காவே நம்ம பக்கம் நிக்கிறாங்கன்னு தெரிஞ்சா, அந்தப் பையனுக்கும் புத்தி வரும் பாருங்க."

அவள் கோப்பில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தாள்.

அன்று கடைசி வரிசையில் கிடைத்த இடத்தில் உட்கார்ந்திருந்தவளைத் தொண்டர் ஒருவர் வந்து அழைத்துப்போனார். 'தலைவர் உங்களை முன்னால வரச் சொன்னார்' என்று. எத்தனை வருடம் தரை துடைத்து, நாற்காலி அடுக்கி, மன்றத்து வண்டிக்குக் கூலி வாங்காமல் சக்கரம் மாற்றியிருக்கிறாள். இப்போதாவது கண்ணில் பட்டோமே என்று பூரித்துப்போயிருந்தாள். வீட்டுக்கு வந்து கணவரிடம் பீற்றிக்கொண்டதும் நினைவுக்கு வந்தது.

"என்னைக் கூட்டிட்டுப் போய் என் தம்பிக்கு எதிரா நிறுத்தியிருக்கீங்க" என்றாள். "அதுவும் நான் கண்ணை மூடுற நேரம் பார்த்து."

"கோபப்படாதீங்கம்மா. கோபம் சாத்தானோட வாசல்."

"அப்ப இன்னிக்குத் திறந்தே கிடக்கட்டும்" என்று எழுந்தாள்.

* * *

நகராட்சிக் கூடத்தில் நிற்க இடமில்லை. மேடையில் மூக்குக்கண்ணாடி அணிந்த அதிகாரியம்மா. பின்னால் திரையில் அந்தப் படம், சுவர் அளவுக்கு. அவளுடைய மூடிய கண்ணே ஒரு கதவு அகலத்துக்கு இருந்தது.

தலைவர் பேசி முடித்தபோது கைதட்டல் ஓய நேரமானது. "ஐயா நானூறு பேர் சார்பில் பேசியிருக்கிறார். வேறு யாராவது?" என்றார் அதிகாரியம்மா.

மன்றத்து ஜனங்கள் முன்னால் பாதிக் கூடத்தை நிரப்பியிருந்தார்கள். எல்லாரும் தெரிந்த முகம், பாதிப் பேர் கடைக்கு வாடிக்கை. இன்று பேசினால் நாளைக்குக் கம்ப்ரசர் ஓடுமா என்பது சந்தேகம். தம்பி வரவில்லை, டியூட்டி. மாஸ்டர் மட்டும் கடைசியில் சுவரோடு சுவராக நின்றார். அவரைப் பார்த்தாள். கையைத் தூக்கினாள்.

மைக்கைப் பிடித்ததும் அது ஊளையிட்டது.

"அந்தப் படத்துல நடுவுல நிக்கிறது நான்தான்."

கூடத்தில் கைதட்டல். பாராட்டு என்று நினைத்துவிட்டார்கள்.

"தட்டாதீங்க! நான் நின்னது இவருக்காக இல்ல. இவரோட எதிர்ப்புக்காகவும் இல்ல. என் தம்பியும் அவன் கூட வாழ்ற பையனும் தெருவுக்கு வந்துடக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டு நின்னேன். அந்த வேண்டுதலைத் திருடி, அவங்களுக்கு எதிரா இங்க மாட்டி வச்சிருக்காங்க."

முன்வரிசையிலிருந்து ஒரு குரல். "கடவுள் நம்பிக்கை இல்லாதவங்கதான் இப்படிப் பேசுவாங்க!"

"யாரு, லாரி அண்ணனா? உங்க பொண்ணு நல்லபடியாப் பிரசவமாகணும்னு விடிய விடிய உங்ககூட உட்கார்ந்து பிரார்த்தனை பண்ணினது யாரு? அப்ப இருந்த நம்பிக்கை இப்ப எங்க போச்சு? இருக்கு! இருக்கிறதாலதான் வயிறு எரியுது!"

லாரிக்காரர் உட்கார்ந்துவிட்டார்.

"அம்மா, சட்டத்தைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார் அதிகாரியம்மா.

"சட்டம் எனக்குப் படிக்கத் தெரியாது. ஆஸ்பத்திரியில ஒரு உயிர் துடிச்சுக்கிட்டிருந்தப்ப, அந்தப் பையனோட கூடவே வாழ்றவனை வெளிய நிறுத்திட்டாங்க. நான் போய், உள்ள கிடந்த பையனோட அக்கான்னு பொய் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். எங்க மன்றத்துல பொய் பாவம். அந்தப் பாவத்தை என்னைப் பண்ண வச்சது யாரு? அவங்க வாழ்றதா? இல்ல, உண்மையைச் சொன்னா உள்ள விடமாட்டேன்கிற உங்க விதியா? ஒருத்தருக்காக ஒருத்தர் கையெழுத்துப் போடுறது, ரெண்டு பேர் பேர்லயும் வீடு எடுக்கிறது, செத்தா கூட இருந்து எடுத்துப்போடுறது, இதைத்தானே கேட்கிறாங்க? இதுல கடவுளுக்கு என்ன நஷ்டம்?"

"போதும், இறங்குங்க!" என்று நாலைந்து பேர் எழுந்தார்கள்.

"இறங்குறேன். என்னை அந்த நானூறுல இருந்து கழிச்சுட்டு எழுதிக்கோங்க."

அப்போது கூடத்தின் ஓரத்தில் ஒருவர் கனைத்தார். அவளுடைய கணவர். மன்றத்துக்கு மனைவியைக் கொண்டுவிடவும் கூட்டிவரவும் மட்டுமே போகிறவர்.

"என்னையும் கழிச்சுடுங்கம்மா. அந்தத் தூண் பக்கத்துல குனிஞ்சு நிக்கிறேன் பாருங்க. நான் பிரார்த்தனைகூடப் பண்ணல. ஸ்கூட்டர் சாவியைத் தேடிக்கிட்டிருந்தேன்."

கூடம் சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நடுவரிசையில் ஒரு பெண் எழுந்தாள். மன்றத்தில் ஆர்மோனியம் வாசிப்பவள். "என்கிட்டயும் யாரும் கேட்கல" என்றாள் தரையைப் பார்த்தபடி. இன்னொரு முதியவரும் எழுந்தார். அவ்வளவுதான். மற்றவர்கள் அசையவில்லை. சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அதிகாரியம்மா ஏதோ எழுதிக்கொண்டு, "அடுத்தவர்" என்றார்.

* * *

வெளியே படிக்கட்டில் தொண்டர் வழிமறித்தார். "இனிமே நீங்க மன்றத்துக்கு வர வேண்டாம்னு தலைவர் சொல்லச் சொன்னார்."

"அவர் கட்டின வீடா அது? வருவேன்னு சொல்லு. என் கடவுளைப் பார்க்க நான் எவன்கிட்டயும் சீட்டு வாங்கணும்னு அவசியம் இல்ல."

"கேட்டுச்சா தம்பி? அப்படியே ஒரு எழுத்து விடாம சொல்லணும்" என்றார் கணவர்.

மாஸ்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்து செல்போனை நீட்டினார். "அக்கா, லைன்ல இருக்கான். ஆரம்பத்துல இருந்தே போட்டு வச்சிருந்தேன். ஸ்டோர் ரூம்ல ஒளிஞ்சு நின்னு கேட்டிருக்கான்."

அவள் வாங்கிக் காதில் வைத்தாள். பின்னணியில் யாரோ சிஸ்டரைக் கூப்பிடும் சத்தம்.

"அக்கா."

"சொல்லு."

"இதை ஏன் இத்தனை வருஷம் சொல்லல?"

"பயந்தேன்டா" என்றாள்.

"எனக்கு இன்னும் கோபம் போகல" என்றான்.

"எனக்கும்தான் போகல. ரெண்டு பேரும் வீட்டுக்கு வாங்க. எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து கோபப்படலாம்."