சார்ஜ் ஒப்படைக்காத ராஜா

மந்திரவாதிக்கு நானூறு வயது என்று படித்ததும் மகாதேவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நானூறு வயசுல சர்வீஸ்ல இருக்கான்! எந்த ரூல்ல எக்ஸ்டென்ஷன் குடுத்தா?" என்று கத்திவிட்டு, பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் 'பேசவும்' என்று குறித்தார். அமைச்சகத்தில் காலமெல்லாம் கோப்பு பார்த்த கை, கதைப்புத்தகம் என்றால் மட்டும் சும்மா இருக்குமா?

ஓய்வு பெற்ற அப்பா ஃபோனையே வெறித்துக்கொண்டிருக்கிறாரே என்று மகள் ஸ்நேகா வாங்கிக் கொடுத்த புத்தகம் அது. தலையணை தடிமன். பாதிக் கதையில் ராஜா மலையுச்சியிலிருந்து டிராகனோடு பாதாளத்தில் விழுந்தார். எல்லோரும் அழுத இடம் என்றாள் ஸ்நேகா. மகாதேவன் சிரித்தார்.

"சாகலை. யார்கிட்டயும் சார்ஜ் ஒப்படைக்கலையே! ஒப்படைக்காம எப்படிப் போக முடியும்? திரும்பக் கூப்பிட்டே ஆகணும்."

விஷயம் ராஜாவோடு நிற்கவில்லை. மகாதேவனின் இடத்துக்கும் ஆபீஸில் இன்னும் யாரும் வரவில்லை. ஆகவே தன்னையும் கூப்பிடுவார்கள் என்று அவர் அடித்துச் சொன்னார். கூப்பிடும்வரை கோல் மார்க்கெட் அரசாங்கக் குவார்ட்டர்ஸை விட்டு ஜனக்புரியில் இருந்த சொந்த வீட்டுக்குக் குடிபோவதாக இல்லை. மனைவி ஜலஜா பாத்திரங்களை மூட்டை கட்டினால், பின்னாலேயே போய் அவிழ்த்து வைத்தார்.

"ஏன்னா, ராஜா வந்தா என்ன, வராட்டா என்ன? வீட்டைக் காலி பண்ண வேண்டாமா?"

"அச்சா, ராஜா வரட்டும். அப்பறம் பேசிக்கலாம்."

கதையின் முடிவு தெரிந்த ஸ்நேகா அட்டைப்பெட்டிகளை ஒட்டிக்கொண்டிருந்தாள்.

பொறுத்துப் பார்த்த ஜலஜா டெம்போவை வரவழைத்துவிட்டாள். கட்டில் போயிற்று, பீரோ போயிற்று. வெறும் கூடத்தின் நடுவில் மிச்சமிருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்து மகாதேவன் கடைசி அத்தியாயத்தைப் படித்தார். சாமான் தூக்க வந்தவர்களையும் கதை பிடித்துக்கொண்டது. ஃப்ரிட்ஜின் ஒரு முனையைத் தூக்கியபடியே ஒருவன், ராஜா வந்தாரா அங்கிள்ஜி என்று ஹிந்தியில் கேட்டான்.

"வந்துட்டார்! நான் சொல்லலை?"

ஃப்ரிட்ஜைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார்கள்.

கந்தல் அங்கியோடு வந்த ராஜா அரண்மனை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். சிம்மாசனம் காலியாகத்தான் இருந்தது. அதில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. வெளியே சந்தை நடந்தது, மழை பெய்தது, வரி வசூலாயிற்று. அவரைக் கேட்பார் இல்லை. ராஜா கோழியைக் கலைக்காமல் வந்த வழியே திரும்பிப் போனார்.

மகாதேவன் அந்தப் பக்கத்தை மறுபடியும் படித்தார். ஓரத்தில் எழுதப் பென்சிலை எடுத்தார். எழுதாமலே சட்டைப்பையில் செருகினார்.

"தெரிஞ்சேதான் குடுத்தியா?"

"ஆமாம்ப்பா," என்றாள் ஸ்நேகா.

புத்தகத்தை மூடிவிட்டு அவர் எழுந்தார்.

"பையா, இந்த நாற்காலியையும் ஏத்திடு," என்றார்.