தெரிஞ்ச இடம்

எங்கள் குடும்பத்தில் எதற்கும் முதலில் விசாரிப்போம். மாப்பிள்ளையோ, வாடகை வீடோ, சமையலுக்கு ஆளோ, யார் பிள்ளை, எந்தத் தெரு, யாருக்குச் சொந்தம் என்று நாலு பேரிடம் கேட்காமல் முடிவெடுக்க மாட்டோம். என் தங்கை அம்ரீனுக்கு மனநல ஆலோசகர் தேடியபோதும் நான் அப்படித்தான் விசாரித்தேன். அந்தப் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

அம்ரீனுக்கு ஏழாம் மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோனது. அவள் மாப்பிள்ளை குவைத்தில். கடலூர் முதுநகரில் எங்களோடுதான் இருந்தாள். அதன் பிறகு தூக்கம் இல்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் அவளே வந்து கேட்டாள்.

"அண்ணே, நான் யார்கிட்டயாவது பேசணும். நம்மளத் தெரியாதவங்களா இருந்தா நல்லாருக்கும். ஆஸ்பத்திரி நர்ஸ் சிதம்பரத்துல ஒருத்தவங்க நம்பர் குடுத்தாங்க. இளமதின்னு பேரு."

"முன்னப்பின்ன தெரியாதவங்ககிட்ட வீட்டு விஷயத்தக் கொட்டுவியா? இரு, நான் பாக்குறேன்."

பார்த்தேன். மஞ்சக்குப்பத்தில் சாய்ரா இருந்தார். மனநல ஆலோசனையை முறையாகப் படித்தவர், தங்கமான பெண். என் மாமியாருக்குத் தங்கை மகள். தெரிஞ்ச இடம் என்று எனக்கு ஏகத் திருப்தி. அம்ரீன் போவதற்கு முன்பே நான் போன் போட்டு, அவளுக்கு என்னென்ன பிரச்சினை என்று அரைமணி நேரம் அளந்தேன்.

அம்ரீன் வாராவாரம் போனாள், வந்தாள். கேட்டால் "நல்லா இருக்குண்ணே" என்பாள். இரண்டாம் மாதம் சாய்ராவே என்னைக் கூப்பிட்டார்.

"ஜாபிர் மச்சான், அம்ரீன் எங்கிட்ட மனசு விட்டுப் பேச மாட்டா. நான் உங்க வீட்டு ஆளு. சொந்தத்துல நான் பாக்கவே கூடாது, ஒத்துக்கிட்டது என் தப்பு. வேற ஒருத்தவங்ககிட்ட கூட்டிட்டுப் போங்க."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். சொந்தம் என்றால் அவ்வளவு இளக்காரமா? மாமியாரை விட்டு அவரிடம் பேச வைத்தேன். பாவம் சாய்ரா, இன்னும் மூன்று மாதம் தள்ளினார். அதற்குள் அம்ரீன் பாதியாகிவிட்டாள்.

கடைசியில் அவளே இளமதிக்குப் போன் போட்டு நேரம் வாங்கினாள். "நான் சிதம்பரம் போறேண்ணே. நீ வந்தா வா, மாடிக்கு மட்டும் வராத."

நான் கீழே டீக்கடையில் காத்திருந்தேன். முதல் நாள் வாசலில் பார்த்தபோது இளமதி எனக்கு ஒரு வணக்கம் வைத்ததோடு சரி. என்னிடம் எதுவும் விசாரிக்கவில்லை. எனக்கு அது மரியாதைக் குறைவாகப் பட்டது. மூன்றாவது வாரம் அம்ரீன் முகம் வீங்க அழுதுவிட்டு இறங்கி வந்தாள். பஸ்ஸில் ஏறியதும் பசிக்குது என்றாள். வாங்கிக் கொடுத்த இரண்டு சமோசாவையும் தின்றாள். பழக்கதோஷம், நான் கேட்டுவிட்டேன்.

"அப்படி என்னதாம்மா பேசுன?"

"உன்னப் பத்திதாண்ணே."

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அந்த வெள்ளிக்கிழமை காலையில், வயிற்றில் பிள்ளை அசையவே இல்லை, ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அவள் என்னிடம் வந்து சொன்னாள். என் மாமியார் வீட்டார் விருந்துக்கு வந்திருந்தார்கள். சாப்பாடு முடியட்டும் என்றேன். கிளம்பும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. "முன்னாடியே வந்திருக்கலாமே" என்றார் டாக்டர். இதை என் மாமியாரின் தங்கை மகளிடம் அவள் எந்த வாயால் சொல்வாள்? தெரிந்த இடமாகத் தேடியது அவளுக்காகவா, என் பேர் கெடாமல் இருக்கவா? அப்போது கேட்டிருந்தால் அவளுக்காகத்தான் என்று சத்தியமே செய்திருப்பேன்.

பஸ் புதுச்சத்திரம் தாண்டியதும் அவள் பக்கம் திரும்பினேன்.

"தப்பு என்னுதுதாம்மா."

"தெரியும்ணே," என்றாள். "இத அன்னிக்கே நீ எங்கிட்ட சொல்லியிருந்தா, இத்தன மாசம் நான் ஆள் தேடியிருக்கவே வேணாம்."