யாரோ ஒருத்தர்

1.

இந்தக் கதை அண்ணி கேட்ட ஒரு கேள்வியில் பிறந்தது. அதையே முதல் வரியாக வைத்தேன், சரிவரவில்லை. வேலையிலிருந்து தொடங்குகிறேன்.

மருத்துவமனை ஆய்வகத்தில் மரபணு வரிசைகளைப் படிப்பவள் நான். அடிக்கடி மயங்கி விழுந்த ஒரு சிறுமியின் இதய மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருந்தது. உயிருக்கே ஆபத்தான மாற்றம் என்று சந்தேகம். நெஞ்சில் கருவி வைக்க நாள்கூடக் குறித்தாகிவிட்டது.

ஓர் ஆய்வுத் திட்டத்துக்கு ரத்தம் கொடுத்த, நோயில்லாத பெரியவர்களின் வரிசைகள், பெயர் நீக்கி, எல்லோரும் பார்க்கும்படி பொதுவில் கிடக்கின்றன. தேடினேன். அதே மாற்றம் ஒருவரிடம் இருந்தது.

[அப்போது என் இதயம் படபட— வேண்டாம். இதயக் கதையில் அது வேறா?]

இயந்திரப் பிழையாக இருக்கலாம். அவருடைய கோப்பைத் திறந்தேன். வரிசையின் சிறுசிறு துண்டுகள் ஓடு வேய்ந்தாற்போல அடுக்கப்பட்டிருந்தன. பாதியில் பழைய எழுத்து, பாதியில் புதியது; அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று வரும் கணக்கு. பிழையில்லை. நலமாக நடமாடிய ஓர் ஆள்.

சிறுமிக்கு வைத்தியம் பார்த்த டாக்டரம்மா திரையை உற்றுப் பார்த்தார். "ஒருத்தரை வச்சு முடிவு சொல்லிட முடியாது. ஆனா அவசரப்பட வேண்டாம். அப்பா அம்மாவையும் சோதிச்சிடலாம்."

அப்பாவுக்கும் அதே எழுத்து. மூட்டை தூக்குபவர், இதயம் கல்லுப்போல. சிறுமியின் மயக்கத்துக்கு வேறு காரணம் கிடைத்தது. மாத்திரையோடு போயிற்று.

2.

அண்ணனும் நானும் ஒரே மேசையில் படித்தோம், நடுவே சாக்பீஸ் கோடு. கல்லூரி நாளில் அவனும் அந்தத் திட்டத்துக்கு ரத்தம் கொடுத்தான். முழங்கையில் பஞ்சை அமுக்கியபடி வந்தான்.

"இனிமே நான் உலகத்துக்கே பொதுச் சொத்துடி!"

"பேரே போடமாட்டாங்களாம், என்ன பீத்தல்?"

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு—

[மூன்று முறை முயன்றேன். இப்படியே கிடக்கட்டும்.]

போன வருடம் விபத்தில் போய்விட்டான்.

சிறுமி தப்பியதையும் அதற்கு வழிகாட்டிய அந்தப் பெயரில்லா வரிசையையும் சொன்னபோது, துணி மடித்துக்கொண்டிருந்த அண்ணி கேட்டார்: "அது உங்க அண்ணனா இருக்குமோ?"

"எத்தனையோ பேர் குடுத்திருக்காங்க அண்ணி."

"உன்னால கண்டுபிடிக்க முடியாதா?"

முடியும். என் வரிசையை அருகில் வைத்தால் போதும், உடன்பிறப்பு காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் யாரென்று தேடமாட்டோம் என்று உறுதி சொல்லித்தான் அந்த வரிசைகளைத் தொடுகிறோம்.

"அந்த வாக்கை நம்பித்தானே அண்ணி அவன் கையை நீட்டினான்?"

மடித்த சட்டையைப் பிரித்து மறுபடி மடித்தார். "அப்ப பார்க்காதே."

3.

இந்தக் கதைக்கு எழுதிப் பார்த்த ஒரு முடிவில், ஒப்பிட்டேன், அவனேதான். அழகாக வந்தது, அடித்துவிட்டேன். இன்னொன்றில் அவன் இல்லை. அதை என்னால் முடிக்கவே முடியவில்லை. இரண்டில் எது என்பது உங்கள் பாடு. என்னிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

நடந்தது இவ்வளவே. ஒருநாள் அண்ணி ஆய்வகத்துக்கு வந்தார். அந்த வரிசையைத் திறந்து காட்டினேன்.

"யாரோ ஒருத்தர்," என்றேன்.

"ஆமா, யாரோ ஒருத்தர்," என்று தலையாட்டியவர், நாற்காலியைத் திரைக்கு இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.