மேசைக்கு அடியில்

மடிக்கணினியைப் புத்தகங்களின் மேல் ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றி, கடைசியில் தடித்த அகராதி ஒன்றை அடியில் செருகியபோதுதான் மாணவியின் முகம் திரையின் நடுவே வந்தது. "நிமிர்ந்து உக்காரு. தோளை இறக்கு. சிரி, ஆனா ரொம்பச் சிரிக்காதே" என்றாள் டீச்சர். மாணவி எல்லாவற்றையும் செய்தாள், ஆனால் ஒவ்வொன்றையும் தனக்குள் ஒருமுறை கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் செய்தாள். வகுப்பில் அவளுக்கு 'நிதானம்' என்று பட்டப்பெயர். பேர் என்ன என்று கேட்டால்கூட யோசித்துத்தான் சொல்வாள் என்று பிள்ளைகள் கேலி செய்வார்கள்.

டீச்சருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு: ஐரோப்பா டீச்சர். பள்ளி முடித்து ஐரோப்பாவில் படிக்கவோ, சம்பளத்தோடு தொழில் பழகவோ, வேலை பார்க்கவோ ஆசைப்படும் பிள்ளைகளுக்கு அந்த ஊர் மொழியைச் சொல்லிக்கொடுத்து வழிகாட்டுவது அவள் பொறுப்பு. உடைந்த நாற்காலிகள் கிடந்த அறையைக் கெஞ்சி வாங்கி, ஒட்டடை அடித்து, சுவரெல்லாம் வரைபடம் ஒட்டி வைத்திருந்தாள். இத்தனைக்கும் அவள் விமானத்தில் ஏறியதே இல்லை. போன வருடம் நேர்காணல் வரை போன பிள்ளைகள் எல்லோரும் அங்கேயே கோட்டைவிட்டார்கள். "இந்த வருஷமும் யாரும் போகலைன்னா, நாற்காலியை எல்லாம் திரும்ப உள்ள போட்டுரலாம் டீச்சர்" என்று தலைமையாசிரியர் சிரித்துக்கொண்டே சொன்னார். சிரித்தது பல் மட்டும்தான்.

நிதானத்துக்கு இன்று முதியோர் இல்லத்தில் பராமரிப்புப் பயிற்சிக்கான நேர்காணல். அறையில் வேறு யாரும் இருக்கக்கூடாது என்பது அவர்களுடைய ஒரே நிபந்தனை. அவளுடைய அம்மா சலவைக்கடையில் இஸ்திரி போடும் வேலைக்கு விடுப்பு சொல்லிவிட்டு வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் "நானும் வெளியே வந்துருவேன்" என்று சொன்ன டீச்சர், வரவில்லை. மேசைக்கு எதிர்ப்புறம், மடிக்கணினியின் முதுகுப்பக்கம் நின்றுகொண்டாள். கேமராவுக்குத் தெரியாத இடம் அது. சும்மா ஒரு தைரியத்துக்கு, என்றாள் மாணவியிடம். யாருடைய தைரியத்துக்கு என்று மாணவி கேட்கவில்லை.

திரையில் வந்த பெண்மணியின் குரல் கனிவாக இருந்தது. இல்லத்தின் பொறுப்பாளர். படிப்பு, குடும்பம், குளிர் தாங்குமா என்ற கேள்விகளுக்கெல்லாம் நிதானம் தட்டுத்தடுமாறிப் பதில் சொன்னாள். பிறகு அந்தக் கேள்வி வந்தது: எத்தனையோ வேலை இருக்க, இந்த வேலை ஏன்?

நிதானம் வாயைத் திறக்கவில்லை. பயிற்சியில் நூறு தரம் ஒப்பித்த கேள்வி. டீச்சருக்கு வாய் நமநமத்தது. உதட்டை அசைத்துக் காட்டினாள். மாணவி பார்க்கவில்லை. மேசையைப் பார்த்தபடி எதையோ உள்ளுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள் டீச்சர். அவள் கண்முன் வந்தது அந்தப் பெண்ணின் எதிர்காலம் அல்ல. நாற்காலிகள்தான். குனிந்து, காற்றைவிட மெதுவாக, முதல் வார்த்தையை எடுத்துக்கொடுத்தாள். பிறகு அடுத்ததை.

நிதானத்தின் கண் ஒரு நொடி மேலே போனது. பிறகு எடுத்துக்கொடுத்ததை அப்படியே சொன்னாள்: மனிதர்களுக்கு உதவுவது எனக்குச் சிறு வயதிலிருந்தே பிடிக்கும்.

திரையிலிருந்து அடுத்த கேள்வி வந்தது. "உன்னுடன் அறையில் யாராவது இருக்கிறார்களா?"

"இல்லை."

"அறையைக் கொஞ்சம் சுற்றிக் காட்டுகிறாயா?"

நிதானம் எழுந்தாள். மடிக்கணினியைத் தூக்கினாள். அவளால் எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக. அந்த இடைவெளி தனக்காகத்தான் என்று புரிவதற்குள், டீச்சர் மேசைமேல் விரித்த நீலத் துணியை விலக்கிக்கொண்டு உள்ளே புகுந்திருந்தாள்.

அங்கே தூசியும், சுருண்டு கிடந்த வயரும், எப்போதோ விழுந்த மிட்டாய்க் காகிதமும் இருந்தன. முழங்காலில் எதுவோ குத்தியது. அசையவில்லை. மகள் வயதுப் பிள்ளை நின்று பதில் சொல்ல, நான் எலி மாதிரி ஒளிந்துகிடக்கிறேனே என்று நினைத்தபோது காது மடல் கொதித்தது. மேலே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. நிதானம் மறுபடி உட்கார்ந்தாள். அவளுடைய பாதங்கள் டீச்சரின் முகத்துக்கு அருகே வந்து, பட்டுவிடக்கூடாது என்பதுபோல் பின்வாங்கின.

"நன்றி" என்றது கனிவான குரல். "இப்போது உன் வார்த்தையில் சொல்லு. அவசரமில்லை."

இந்த முறை எடுத்துக்கொடுக்க யாரும் இல்லை.

"எங்கள் வீட்டில் அத்தை இருக்கிறார்" என்று அந்த மொழியில் தொடங்கினாள் நிதானம். "எழுந்து நடக்க முடியாது. நான்தான் துணி மாற்றுவேன். முதல் நாள் அத்தை அழுதார். வலியால் இல்லை. நான் மூக்கைச் சுளித்துவிட்டேன். அவர் பார்த்துவிட்டார். அன்றிலிருந்து சுளிக்காமல் இருக்கப் பார்க்கிறேன். சில நாள் முடிகிறது. சில நாள் முடியவில்லை. உங்கள் ஊரில் அதைச் சொல்லிக்கொடுப்பார்களா?"

வாக்கியத்துக்கு வாக்கியம் இலக்கணம் நொண்டியது. பழக்கதோஷத்தில் பிழைகளைப் பிடித்துக்கொண்டே வந்த டீச்சர், பாதியில் விட்டுவிட்டாள். இந்தக் கதையை நிதானம் முன்பு ஒருநாள் இதே அறையில் தொடங்கியிருக்கிறாள். வீட்டுக் கதையெல்லாம் வேண்டாம், எழுதிக்கொடுத்ததைச் சொல்லு என்று அடக்கியது தான்தான் என்பது இப்போது நினைவுக்கு வந்தது.

பேச்சு முடிந்து திரை அணைந்ததும் டீச்சர் நான்கு காலில் வெளியே வந்தாள். நிமிர்வதற்குள் கதவைத் திறந்துகொண்டு அம்மா வந்துவிட்டாள்.

"நல்லபடியா முடிஞ்சுதா? கூடவே இருந்தீங்களா டீச்சர்? நல்ல காலம்!" டீச்சரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். இஸ்திரிப் பெட்டி பிடித்துக் காய்த்த உள்ளங்கை. "என்ன இது, முட்டியெல்லாம் தூசி?"

"வயர் கழண்டுடுச்சும்மா. டீச்சர் கீழே குனிஞ்சு மாட்டினாங்க" என்றாள் நிதானம்.

யோசிக்கவே இல்லை. கேட்ட மாத்திரத்தில் சொல்லிவிட்டாள். முதல் பொய்யைவிட அந்த வேகம்தான் டீச்சரை அடித்துப்போட்டது. மொழியோடு சேர்த்து இதையும் கற்றுக்கொடுத்தாயிற்று. அம்மா குனிந்து தன் கையாலேயே அந்தத் தூசியைத் தட்டிவிட்டாள்.

மறுநாள் காலை, எல்லா வகுப்புகளும் கூடி நின்ற இடத்தில் தலைமையாசிரியர் ஒலிபெருக்கியில் டீச்சரைப் புகழ்ந்தார். "பலன் எப்படி வந்தாலும், நம்ம ஐரோப்பா டீச்சர் உழைப்புக்கு ஒரு கைதட்டு!" பிள்ளைகள் தட்டினார்கள். மூன்றாவது வரிசையில் நிதானமும் தட்டினாள். டீச்சர் சிரித்து வைத்தாள். நிலம் பிளந்தால் தேவலை என்றிருந்தது.

மதியம் நிதானத்தை அறைக்குக் கூப்பிட்டாள்.

"நேர்காணல் பண்ணின அந்தம்மாகிட்ட நான் உண்மையைச் சொல்லிடுறேன். நான்தான் உள்ளே நின்னேன், நான்தான் எடுத்துக்கொடுத்தேன்னு. உன்கிட்ட கேக்காம சொல்றது தப்பு. உன் இடம் போனாலும் போயிடும்."

நிதானம் சுவரில் இருந்த வரைபடத்தைப் பார்த்தாள். டீச்சர் பொறுத்திருந்தாள்.

"நீங்க சொன்னா உங்க மனசு ஆறிடும் டீச்சர்" என்றாள் கடைசியில். குரலில் கோபம் இல்லை. "யாரும் இல்லைன்னு சொன்னது நான்தானே? நானே சொல்றேன். அம்மாகிட்ட மட்டும் நீங்க சொல்லிடுங்க. அம்மாகிட்ட சொல்றதுக்கு எனக்குத் தைரியம் இல்லை."

அப்படித்தான் மறுபடி ஒரு நேரம் கேட்டு வாங்கினார்கள். அகராதியைச் சரியான உயரத்துக்கு வைத்துவிட்டு டீச்சர் வெளியே வந்து, கதவைச் சாத்தி, பெஞ்சில் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மா பழக்கமாகவே அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"எதுக்கு டீச்சர் திரும்பக் கூப்பிடுறாங்க? நல்ல சேதிதானே?"

"அன்னைக்கு வயர் கழண்டுச்சுன்னு சொன்னா பாருங்க, அது பொய்ங்க" என்று ஆரம்பித்தாள் டீச்சர். ஆரம்பித்த பிறகு நிறுத்தவில்லை. நாற்காலிகளைப் பற்றியும் சொன்னாள், மேசைக்கு அடியில் போனதையும் சொன்னாள். சொல்லி முடித்தபின்னும் அம்மாவின் கை மட்டும் அப்படியே இருந்தது. அழுத்தவும் இல்லை, எடுத்துக்கொள்ளவும் இல்லை.

இருவரும் கதவின் கண்ணாடிச் சதுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே திரையின் வெளிச்சம் அந்தப் பெண்ணின் முகத்தில் விழுந்திருந்தது. உதடு அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. ஒரு வார்த்தைகூட வெளியே கேட்கவில்லை.