திரைக்குப் பக்கத்தில் அக்காவின் கை

கடையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் என் அக்கா நின்றுகொண்டிருந்தாள். சுவரோரம் வரிசையாகத் திறந்து வைத்திருந்த லேப்டாப்களில் பென் டிரைவைச் செருகிச் செருகி, ஒரே படத்தைத் திறந்துகொண்டே போனாள் அவள் மகள். மருத்துவமனைத் துணிகளைத் துவைக்கும் ஆலையில், கரும்பச்சைக் கோட்டுடன், ஒரு வெள்ளை விரிப்பின் இரண்டு முனைகளையும் பிடித்து உதறுகிற அக்கா. ஒரு திரையில் சிவந்திருந்தாள். அடுத்ததில் நீலம் பாரித்திருந்தாள். மூலையில் இருந்த ஒன்றில் காமாலை கண்டவள் போல இருந்தாள். நிஜ அக்கா கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நடுவில் நின்று வாய்கொள்ளாமல் சிரித்தாள்.

"என்னடா இது, இத்தனை பேரா நானு?"

"ஒருத்தியையே அத்தானால சமாளிக்க முடியல. இது தெரிஞ்சா வீட்டை விட்டே ஓடிடுவாரு" என்றேன்.

எங்கள் குடும்பத்தில் கம்ப்யூட்டர் என்றால் நான்தான். பேருந்து நிலைய முன்பதிவு ஜன்னலில் உட்கார்ந்து ஊர், தேதி, இருக்கை எண் தட்டுவதைத் தவிர அதில் நான் வேறொன்றும் செய்ததில்லை. ஆனால் அதை யாரிடமும் சொன்னதில்லை. வாலுவுக்குக் கம்ப்யூட்டர் வாங்கவேண்டும் என்று அக்கா சொன்ன நாளிலிருந்து எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கிடைத்த வீடியோவையெல்லாம் பார்த்தேன். ரேம், பிராசசர் என்று வாய்க்குள் முனகிக்கொண்டு டிக்கெட் கிழித்ததில் ஒருவரை வேறு ஊருக்கு அனுப்பியிருப்பேன், நல்லவேளையாக அவரே பார்த்துச் சொல்லிவிட்டார். வாலு என்பது அக்கா மகளுக்கு வீட்டில் வைத்த பெயர். கல்லூரியில் புகைப்படம் படிக்கிற அளவுக்கு வளர்ந்த பிறகும் அதுவேதான் ஒட்டிக்கொண்டிருந்தது.

விஷயம் இதுதான். அக்காவையும் அவளோடு வேலை செய்யும் ஒன்பது பெண்களையும் வாலு படம் பிடித்திருந்தாள். கல்லூரிக் கண்காட்சியில் அந்தப் பத்துப் படங்களுக்கு ஒரு சுவரே ஒதுக்கியிருந்தார்கள். அவள் கல்லூரியில் இருந்த ஒரு பழைய கம்ப்யூட்டரில் உட்கார்ந்து படங்களைச் சரிசெய்தாள். அந்தத் திரை எல்லாவற்றையும் சிவப்பாகக் காட்டியிருக்கிறது. இவளும் சிவப்பைக் குறைத்துக்கொண்டே போயிருக்கிறாள். அச்சடித்து வந்தபோது பத்துப் பேர் முகமும் அடுப்புச் சாம்பல் நிறத்தில் இருந்தது. அக்கா உறையைப் பிரித்துப் பார்க்காமலே அவற்றை ஆசையாசையாக ஆலைக்கு எடுத்துப்போனாள். இஸ்திரி மேசையில் நிற்கும் ஒரு பெண் தன் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "நான் செத்தா இப்படித்தான் இருப்பேன்போல" என்று சொல்லிக் கவிழ்த்து வைத்துவிட்டாளாம். அன்று வாலு சாப்பிடவில்லை. திங்கட்கிழமைக்குள் மறுபடி அச்சடித்துக் கொண்டுவந்தால் உண்டு, இல்லாவிட்டால் அந்தச் சுவர் வேறொருவருக்கு என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். இன்று வெள்ளிக்கிழமை. பென் டிரைவில் இருந்தது வாலு திருத்துவதற்கு முந்தைய படம். அக்கா கையில் இருந்ததோ கடைக்காரர் கேட்டதும் பெருமூச்சு விட்ட தொகை.

அந்தத் தொகைக்குள் அடங்கியவற்றில் நான்காவதாக இருந்த லேப்டாப்பைப் பார்த்ததும் எனக்குப் பளிச்சென்று பட்டது. ஒல்லியாக, வெள்ளி நிறத்தில், ஒரு தட்டை எடுப்பது போல ஒரு கையால் தூக்கலாம். அதைவிட முக்கியம், அதற்குள் இருந்த அக்கா. பத்து வயது குறைந்து, கன்னம் மினுமினுத்து, ரோஜாப்பூப் போல இருந்தாள்.

"இதுதான்! வேற பேச்சே இல்ல. அக்கா, உன்னைப் பாரேன்!"

அக்கா பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது. "நல்லாத்தான் இருக்கேன், இல்ல?" என்று கடைக்காரரையே கேட்டாள். பெரிய வயிறும் சின்னக் குரலுமாக இருந்த அவர், "சினிமாக்காரங்க மாதிரி இருக்கீங்கம்மா" என்றார். இதற்குமேல் என்ன வேண்டும்? நான் பில் போடச் சொல்லிவிட்டேன். வேகம் எவ்வளவு, நினைவகம் எவ்வளவு என்று கடைக்காரருக்கே பாடம் எடுக்கவும் ஆரம்பித்திருந்தேன்.

வாலு மட்டும் திரையை விட்டு நகரவில்லை. திரையைக் கொஞ்சம் மேலே சாய்த்தாள், கீழே சாய்த்தாள். சாய்க்கச் சாய்க்க அக்கா கறுத்தாள், வெளுத்தாள். பிறகு, "அம்மா, இங்க வா. கையைக் குடு" என்றாள்.

அக்காவின் வலது கையைப் பிடித்துத் திரையை ஒட்டி, படத்தில் விரிப்பைப் பிடித்திருந்த கைக்குப் பக்கத்தில் வைத்தாள். ஆலைச் சுடுநீரிலும் சோப்பிலும் ஊறி ஊறி விரல் நுனிகள் வெளிறிய, மணிக்கட்டில் இஸ்திரிப்பெட்டி சுட்ட பழைய தழும்புள்ள, நல்ல கறுப்பான கை. திரையில் இருந்ததோ பொம்மைக் கை. தழும்பு இருந்த இடமே தெரியவில்லை.

"இதுல உக்காந்து வேலை செஞ்சா மறுபடியும் அதேதான் மாமா. இது பொய் சொல்லும், நான் நம்பிடுவேன், பேப்பர்ல வரும்போதுதான் தெரியும்."

எனக்குச் சுருக்கென்றது. அக்கா அழகாக இருக்கிறாள் என்று நான் குதித்த குதியில், அங்கே இருந்தது அக்காவே இல்லை என்பது எனக்கு உறைக்கவில்லை. அக்கா கையைத் திரும்ப எடுத்துக்கொண்டு, போட்டுக்கொண்டிருந்த பில்லைப் பார்த்து, "அண்ணே, அதைக் கொஞ்சம் நிறுத்துங்க" என்றாள். ரோஜாப்பூவை ஒருமுறை ஆசையாகப் பார்த்துவிட்டு, "போகட்டும், யாரோ சொந்தக்காரி மாதிரிதான் இருந்தா" என்றாள்.

மற்ற எல்லாத் திரைகளிலும் அந்தக் கையை வைத்துப் பார்த்தோம். ஒன்றில் முகம் சரியாக வந்தால் விரிப்பு மடிப்பே இல்லாத வெள்ளைத் தாளாக இருந்தது. மடிப்பு தெரிந்தால் முகம் இருட்டாக இருந்தது. ஒத்துவந்த ஒரே ஒன்றின் விலையைக் கேட்டுவிட்டு அக்கா கையை எடுத்துக்கொண்டாள். வாலுவின் முகம் மெல்லத் தொங்க ஆரம்பித்தது.

"லேப்டாப்தான் வேணுமா? தூக்கிட்டுத் திரியணுமா?" என்று கடைக்காரர் கேட்டார்.

"வீட்டுல வச்சுக்கிட்டாப் போதும்."

"அப்ப ஒண்ணு இருக்கு. பார்த்தா சிரிக்கக் கூடாது."

பின்கட்டில், உடைந்த பிரிண்டர்களுக்கு நடுவில் அது இருந்தது. மூடப்பட்ட ஓர் அச்சகத்தில் நிறம் சரிபார்க்க வைத்திருந்த மானிட்டர். முதுகு தடித்து, மேலே வெளிச்சம் விழாமல் மறைக்கக் கறுப்பு அட்டையில் ஒரு தொப்பி வேறு. அதோடு ஏதோ அலுவலகத்தில் கழித்துவிட்ட ஓர் இரும்பு சிபியு பெட்டி. நான் சிரிக்கத்தான் செய்தேன். கனத்துக்குப் பயந்தே யாரும் வாங்குவதில்லை, கேட்ட விலைக்குள் ரேமைக் கூட்டிப் புது எஸ்எஸ்டியும் போட்டுத் தருகிறேன் என்றார் அவர். வாலு பெட்டியின் மூடியைக் கழற்றச் சொல்லி உள்ளே எட்டிப் பார்த்து, ரேம் போட இன்னும் இரண்டு இடம் காலியாக இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நான் பார்த்த வீடியோக்களில் இப்படி யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

திரை சோம்பல் முறிப்பது போல மெதுவாக வெளிச்சம் கொண்டது. படம் வந்தது. ரோஜாப்பூ இல்லை. மின்னவில்லை. விரிப்பில் ஒவ்வொரு மடிப்பும் ஆற்று மணல் வரி போலத் தெரிந்தது. அக்கா தானாகவே போய்க் கையை வைத்தாள். கைக்குப் பக்கத்தில் கை. தழும்புக்குப் பக்கத்தில் தழும்பு.

"அம்மா!" என்று வாலு கத்தியதில் கடைக்காரர் துள்ளிவிட்டார்.

"இருடி, இருடி" என்றாள் அக்கா. மூக்கு திரையில் முட்டும் அளவுக்குக் குனிந்திருந்தாள். "பின்னால நிக்கறது யாரு?"

இதுவரை வெறும் இருட்டாக இருந்த மூலையில், நீராவிக்கு நடுவில் ஓர் ஆள் நின்றிருந்தார். நன்றாக உற்றுப் பார்த்தோம்.

"ஐயையோ, எங்க சூப்பர்வைசர்டா! கொட்டாவி விடறான் பாரு! வேலை நேரத்துல வாயைத் திறக்காதீங்கன்னு எங்களைச் சொல்லுவான்!"

மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் கடைக்காரரும் சேர்ந்துகொண்டார். எதற்கென்று அவருக்குத் தெரியாது. வாலு என் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டே இருந்தாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது, தூசி என்று சொல்லிவைத்தேன்.

பேருந்தில் மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். இரண்டு தொடையும் மரத்துப்போயின. "என்ன சார், டிவியா?" என்று நடத்துநர் கேட்டார். "உண்மையைச் சொல்ற டிவி" என்றேன். அதற்கும் டிக்கெட் எடுக்கவேண்டும் என்றார், நான் முன்பதிவு ஜன்னல்காரன் என்று தெரிந்திருந்தும்.

வீட்டில் ஜன்னல் வெளிச்சம் விழாத மூலையில்தான் வைக்கவேண்டும் என்று வாலு அடம்பிடித்தாள். பீரோவை நகர்த்தினோம். அத்தான் வேலையிலிருந்து வந்து, தன் கட்டில் குறுக்கே கிடப்பதைப் பார்த்து அப்படியே அதில் ஏறி உட்கார்ந்துகொண்டார். அந்தச் சனியும் ஞாயிறும் அக்கா சமைக்கும்போதே, "அம்மா, கை!" என்று குரல் வரும். ஈரத்தைத் துடைத்துக்கொண்டு ஓடுவாள். மற்ற பெண்களும் ஒவ்வொருவராக வந்து திரைக்குப் பக்கத்தில் கன்னத்தைக் காட்டிவிட்டுப் போனார்கள். படத்தைக் கவிழ்த்து வைத்த அந்த இஸ்திரிக்காரப் பெண் மட்டும் வரவில்லை. அவளுடைய நிறத்தை அக்காவே சொல்லிச் சொல்லித் திருத்தினாள். "இன்னும் கொஞ்சம் கறுப்பு. ஆனா வெளிச்சம் உள்ள கறுப்புடி. அவ அப்படித்தான் இருப்பா."

திங்கட்கிழமை காலை அச்சுக்கடை திறக்கும்போது வாசலில் நாங்கள்தான் முதல் ஆட்கள். நான் விடுப்புப் போட்டிருந்தேன். அக்கா ஆலைக்குப் போகும் வழியில் பச்சைக் கோட்டோடு வந்திருந்தாள். வாசல் தூணுக்குப் பக்கத்தில் இன்னொரு பச்சைக் கோட்டு நின்றது. யாரும் கூப்பிடாமலே வந்திருந்தாள் இஸ்திரிக்காரப் பெண். "சும்மா பார்த்துட்டுப் போலாம்னு" என்றாள், எங்கள் யாரையும் பார்க்காமல்.

"அவங்களோடதையே முதல்ல போடுங்க" என்றாள் வாலு.

இயந்திரம் உறுமிவிட்டுத் தாளை விரல் அகலம் விரல் அகலமாக வெளியே தள்ளியது. படம் கீழிருந்து மேலாக வந்தது. முதலில் மேசையின் விளிம்பு. அப்புறம் ஒரு வெள்ளை விரிப்பு, மடிப்பு மடிப்பாக. அதன்மேல் பரப்பி வைத்த இரண்டு கைகள். அந்தப் பெண் தூணை விட்டு வந்தாள். தாளைத் தொடாமல், அதற்குச் சற்று மேலே, தன் இரண்டு கைகளையும் அதே போல விரித்துப் பிடித்தாள். எது தாளில் இருக்கும் கை, எது அவள் கை என்று எனக்கு ஒரு கணம் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

"முகம் இன்னும் வரல" என்றாள் அவள், கையை எடுக்காமல். தாள் நகர்ந்துகொண்டே இருந்தது.