நேரான எலும்பு

அப்பாவின் இடது கை சட்டைக்குள் நுழைய மறுத்தது. தம்பி இரண்டு தரம் முயன்றுவிட்டு விலகிக்கொண்டான்.

"அவ பாத்துப்பா. அவளுக்கு இது பழக்கம்தானே" என்றாள் அம்மா, சுவரில் சாய்ந்த இடத்திலிருந்து அசையாமல்.

பழக்கம்தான். ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டில் எத்தனையோ பேருக்குக் கடைசி உடையை மாற்றிவிட்டவள் அவள். ஆனால் அப்பாவை வெற்று மார்போடு அவள் பார்த்ததில்லை. கல் பட்டறையிலிருந்து வந்து குழாயடியில் தூசியைக் கழுவும்போதுகூட அவர் பனியனைக் கழற்றமாட்டார். இப்போது விலா எலும்புகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. கையைத் தளர்த்துவதற்காக அவர் தோளைப் பிடித்து மெல்ல அமுக்கினாள். காரை எலும்பின் நடுவில் ஒரு முடிச்சு விரலில் தட்டியது. என்றோ உடைந்து, கட்டுப்போட ஆளில்லாமல், கோணலாகக் கூடிய எலும்பு.

விரல் அங்கேயே நின்றுவிட்டது.

அப்பா இருமலோடு முதல் தரம் ஆஸ்பத்திரிக்குப் போன அன்று டாக்டர் அவருடைய நெஞ்சு எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டியபோது அவள் பக்கத்தில்தான் நின்றாள். இரண்டு காரை எலும்புகளும் கோடு போட்டதுபோல நேராக இருந்தன. பட்டறைக்காரர்கள் வருஷாவருஷம் தங்கள் ஆட்களை அனுப்பி எடுக்கவைக்கும் படம் அது. இரண்டு மாதத்துக்கு முந்தியது. "சுத்தம்" என்றார் டாக்டர், அப்பாவுக்குப் புரியாத அவர்கள் பாஷையில். அவள்தான் அதை அப்பாவுக்குச் சொன்னாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். சளி மருந்தோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுபடி போனபோதும் அதே மருந்து. மூன்றாம் தரம் போனவர் இன்று காலை வண்டியில் திரும்பி வந்தார்.

படத்தை மாற்றிவிட்டார்கள். அவளுக்கு முதலில் தோன்றியது அதுதான். நம்ம ஆள் என்றால் யார் படத்தை யார் உறையில் போட்டால் என்ன என்ற அலட்சியம். டாக்டர் அப்பாவின் நெஞ்சைத் தொட்டுப் பார்க்கவே இல்லையே. கேட்டதையெல்லாம் அவளிடம் கேட்டார். அப்பாவை ஒரு சாமானைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பொத்தான்களை வேகமாகப் போட்டு முடித்தாள்.

வாசலில் சந்து முழுக்கக் கூடியிருந்தது. எல்லாரும் பட்டறை ஆட்கள்தான். வீடுகளும் பட்டறை கொடுத்தவைதான். மேஸ்திரி பெரியப்பா நிலைப்படியில் வந்து நின்றார். பட்டறையில் நம்ம சனத்துக்குப் பேச அவர் ஒருவர்தான் உண்டு.

"நர்ஸம்மா, நாளைக்கு எல்லாருமாப் போய்ப் பெரிய டாக்டரைப் பாக்கப் போறோம். சாகக் கெடக்கிறவனுக்குத் தண்ணி மருந்து குடுத்து அனுப்பிச்சானே, அவனை விடக் கூடாது. நீ கூட நின்னு நடந்ததைச் சொல்லணும்."

"சொல்றேன் பெரியப்பா."

"உன் வேலைக்கு ஆபத்து வரும். யோசிச்சுக்க."

"எங்க சொல்லப் போறா" என்றாள் எதிர்வீட்டு அத்தை, பக்கத்தில் இருப்பவளிடம் பேசுவதுபோல. "வெள்ளை உடுப்பைப் போட்டதுல இருந்து அவங்க பாஷைதான் இனிக்குது. பெத்த அப்பனுக்கே ஆகலை, நமக்கா ஆகப்போறா."

சந்திலேயே முதல் நர்ஸ் என்று அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்ட அத்தைதான். அவள் உள்ளே போய் அம்மாவின் அருகில் உட்கார்ந்தாள்.

"அம்மா, அப்பாவுக்குத் தோள்ல எப்ப அடிபட்டுச்சு?"

"நீ கைக்குழந்தை. பலகைக்கல்லு சரிஞ்சு விழுந்துச்சு. கட்டுப் போட்டா வேலைக்குக் கூப்பிடமாட்டாங்கன்னு அப்படியே போனாரு. ஏன்?"

"படத்துல அந்த எலும்பு நேரா இருந்துச்சும்மா. அது அப்பா படமே இல்ல."

அம்மா அதிர்ந்ததாகத் தெரியவில்லை. முந்தானை நுனியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். பிறகு அம்மாவின் பார்வை வாசலுக்குப் போனது. அங்கே பயில்வான் மாமா, உள்ளே வரத் தயங்கி, செருப்பைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக நின்றார்.

சந்தில் பட்டறைக்குப் போகாத ஒரே ஆண் அவர். மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர். அகலமான மார்பு. சொந்தமில்லை, ஆனாலும் எல்லா வீட்டிலும் அவருக்குத் தட்டு உண்டு. கேட்காமலே இரண்டாம் தரம் பரிமாறுவார்கள். அந்த உடம்புக்குத் தீனி வேண்டாமா என்று சின்ன வயதில் அவளும் சிரித்திருக்கிறாள். ஒரு நாள் காலையில் அப்பாவின் சட்டையை அவர் போட்டுக்கொண்டு போனதைப் பார்த்திருக்கிறாள். தோள் தையல் பிரிந்து வந்த சட்டையை அம்மா முணுமுணுக்காமல் தைத்தாள்.

அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். தம்பி அங்கே செம்பில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். அவனும் பட்டறையில்தான், கல் அறுக்கும் பிரிவில்.

"அப்பா படத்துக்கு யாரு போய் நின்னது?"

"மெதுவாப் பேசுக்கா."

"பயில்வான் மாமாவா?"

அவன் செம்பைக் கீழே வைத்தான். அதன் மேல் தட்டை மூடினான். மூடிய தட்டைச் சரியாக நகர்த்தி வைத்தான்.

"எத்தனை வருஷமாடா?"

"இருமல் ஆரம்பிச்சதுல இருந்து. படம் நல்லா இல்லைன்னா மறுநாளே வீட்டைக் காலி பண்ணச் சொல்லுவாங்க. உனக்குத் தெரியாதா?"

"அங்க முகத்தைக்கூடவா பாக்கமாட்டாங்க?"

"பாப்பாங்க. நமக்கெல்லாம் ஒரே மூஞ்சின்னு அவங்கதானே சொல்றாங்க. நமக்கும் அது வசதியாப் போச்சு." அவன் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு பாதியில் இருமலாக மாறியது. அவன் திரும்பி நின்று இருமினான்.

டாக்டர் ஒன்று கேட்டிருந்தார். காலையிலிருந்து அதை நினைக்காமல் ஒதுக்கிவைத்திருந்தாள். வேண்டுமானால் புதிதாக ஒரு படம் எடுக்கலாமா என்று கேட்டார். 'இப்பத்தானே எடுத்தது, வேணாம்னு சொல்லு' என்றார் அப்பா. அவள்தான் அதை அவர்கள் பாஷையில், கொஞ்சம் மரியாதை சேர்த்து, அழகாகச் சொன்னாள்.

"அந்த நேரத்துலயாவது என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"நீ அவங்க ஆளாச்சேக்கா." அவன் குத்திக்காட்டவில்லை. மழை வருகிறது என்று சொல்வதுபோலச் சொன்னான்.

அவள் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டாள். கூடத்தில் யாரோ செருமினார்கள். வாசலில் ஒருவர் இருமினார். அதற்குப் பதில் சொல்வதுபோல இன்னொருவர். இத்தனை வருஷமும் இதே சந்தில்தான் இருந்தாள்; காகம் கத்துவதுபோல அதுவும் ஒரு சத்தம் என்றே கேட்டுப் பழகியிருந்தாள்.

"உன் படத்துக்கு யாருடா நின்னாங்க?"

தம்பி செம்பையே பார்த்தான்.

அவள் கூடத்துக்கு வந்தபோது பயில்வான் மாமா அப்பாவின் கால்மாட்டில் குந்தியிருந்தார். அத்தனை பெரிய உடம்பைச் சுருட்டி, யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல். அவளைக் கண்டதும் அண்ணாந்து பார்த்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

"பாப்பா, அந்தப் படத்தை நீ பாத்தியா? எல்லாம் நல்லா இருந்துச்சா?"

அவளுக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் அவரை அடிக்க வேண்டும்போல இருந்தது. இத்தனை தரம் அந்தக் கருவியின் முன் நின்றவருக்கு, நெஞ்சு எப்படி இருக்கிறது என்று யாரும் சொன்னதில்லை.

"நல்லா இருந்துச்சு மாமா. சுத்தமா இருந்துச்சு."

"அப்படியா" என்றார். கேட்டிருக்கக் கூடாததைக் கேட்டுவிட்டவர்போல, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

தூக்கும் நேரம் வந்தது. மேஸ்திரி பெரியப்பா அவளிடம் வந்தார்.

"நாளைக்குக் காலையில, ஞாபகம் இருக்கட்டும்."

"யாருக்கெல்லாம் பயில்வான் மாமா நின்னாரு பெரியப்பா?"

அவர் முகம் கல்லானது. சுற்றிலும் பார்த்தார். "அது வேற, இது வேற" என்றார். "நீ வாயைத் திறந்தேன்னா சந்து முழுக்கத் தெருவுல நிக்கும். உங்க அம்மாவும் சேத்து." பிறகு, கொஞ்சம் கெஞ்சலாக, "எனக்கு யாரு நின்னான்னு கேக்க மாட்டியா?" என்று தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். அவருக்கும் மூச்சு வாங்கியது.

அப்பா கனமே இல்லை. ஆனாலும் குழாயடி வருவதற்குள் முன்னால் பிடித்திருந்தவர்கள் தோள் மாற்றிக்கொண்டார்கள். நாலு வீடு தாண்டியதும் மறுபடியும் மாற்றினார்கள். எல்லாரும் இளைஞர்கள். தம்பி ஒதுங்கி, ஒரு வீட்டுச் சுவரில் கையை ஊன்றி, நீங்கள் போங்கள் என்று சைகை காட்டினான். அவள் போய் அவன் முதுகில் உள்ளங்கையை வைத்தாள். சட்டைக்குள் மூச்சு கரகரத்துக்கொண்டு ஏறி இறங்கியது.

"நாளைக்கு என் கூட வா. நீயே வந்து படத்துக்கு நில்லு."

"வேலை?"

அவள் கையை எடுக்கவில்லை. சந்தின் கோடியில் பாடை இன்னொரு தரம் நின்றது. ஆள் மாற்றிக்கொண்டு மறுபடி நகர்ந்தது. பின்பக்கம் பிடித்திருந்த பயில்வான் மாமா மட்டும் இதுவரை தோள் மாற்றவில்லை.